துரைக்குப் பத்தியம்

எங்கள் வீட்டு அடுப்படியில் கடுகே வெடிக்காத கோடை ஒன்று உண்டு. அப்பளம் பொரியவில்லை, கறிவேப்பிலை வதங்கவில்லை, எண்ணெய்த் தூக்கை அம்மா பரணில் ஏற்றிவிட்டாள். நெய்வேலிக் கோடையில் சாதாரணமாகவே நாக்கு செத்துப்போகும். அந்த நேரம் பார்த்து உப்புப் போடாத கஞ்சியையும் தாளிக்காத பருப்பையும் குடும்பத்தோடு தின்றுகொண்டிருந்தோம். வேண்டுதலா, விரதமா என்று கேட்டவர்களுக்கு நான்தான் முந்திக்கொண்டு பதில் சொல்வேன். எங்கள் நாய்க்கு ஈரல் கெட்டுப்போயிருந்தது.

நாயின் பெயர் துரை. தேடிப்போய் வாங்கி வளர்த்த நாயில்லை அது. குவார்ட்டர்ஸோடு சேர்ந்து வந்தது. எங்களுக்கு முன்னால் அந்த வீட்டில் இருந்தவர்கள் ரிடையராகிச் சொந்த ஊருக்குப் போனபோது, லாரியில் ஏற மாட்டேன் என்று நின்றுவிட்டதாம். டவுன்ஷிப்பில் இது புதிதில்லை. மனிதர்கள் பிளாக் விட்டு பிளாக் மாறுவார்கள். மாமரமும் நாயும் அடுத்து வருகிறவர்களுக்காக இருந்த இடத்திலேயே இருக்கும். நாங்கள் சாமான் இறக்கிய அன்று அது வாசற்படிக்குக் குறுக்கே படுத்திருந்தது. ஒரு கண்ணைத் திறந்து எங்கள் பீரோவைப் பார்த்தது, மூடிக்கொண்டது. நகரவேயில்லை. பீரோவை அதற்கு மேலாகத்தான் தூக்கிப்போனார்கள். "யார்ரா இவன், பெரிய தொரையாட்டம் படுத்துகினு இருக்கான்" என்றார் அப்பா. அதுவே பெயராக நின்றுவிட்டது.

அப்பா சுரங்கத்தில் பெர்மனன்ட் ஆள். முத்தாண்டிக்குப்பத்துக்காரர். நல்ல உடம்பு, நல்ல குரல், எதற்கெடுத்தாலும் சத்தியம் செய்கிற வாய். "மாரியாத்தா சத்தியமா", "மிஷின் மேல சத்தியமா", "ஸ்கூட்டர் மேல சத்தியமா அந்தத் தட்ட நான் ஒடைக்கல" என்று நாளெல்லாம் சத்தியம் விழுந்துகொண்டே இருக்கும். துரை வந்த பிறகு அதன் தலையும் இந்த வரிசையில் சேர்ந்தது. பக்கத்திலேயே படுத்திருப்பதால் கைக்கும் வசதி. அம்மா குறிஞ்சிப்பாடி. அவள் சத்தியமே செய்ய மாட்டாள், சொன்னால் சொன்னதுதான்.

சாயங்காலம் வேலையில்லாத நாட்களில் அப்பா ஸ்கூட்டரை உதைக்கிற சத்தம் கேட்டால் போதும், துரை எங்கிருந்தாலும் ஓடிவந்து முன்பக்கம் ஏறி நின்றுகொள்ளும். "மந்தாரக்குப்பத்துல ஒரு சினேகிதரப் பாத்துட்டு வந்துடறேன்" என்பார் அப்பா. உள்ளே அம்மா ஏதாவது ஒரு பாத்திரத்தைச் சத்தமாகக் கீழே வைப்பாள். அந்தச் சினேகிதரை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. அப்பா இத்தனை தடவை போய்ப் பார்க்கிறார், தீபாவளிக்குக்கூட அவர் நம் வீட்டுப் பக்கம் தலைகாட்டவில்லையே என்று எனக்கு அவர்மேல் வருத்தம். ஆனாலும் நல்ல மனிதராகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். அங்கே போய்வந்தால் இரண்டு பேரும் அப்படியொரு திருப்தியோடு திரும்புவார்கள். துரை மிளகு வாசனையோடு வந்து வாசலில் சாய்ந்துவிடும். அப்பா என்னைக் கூப்பிட்டு வாய்ப்பாடு சொல்லச் சொல்வார். தப்பாகச் சொன்னாலும் கைதட்டுவார்.

அந்தக் கோடையின் தொடக்கத்தில் அப்பாவுக்கு மெடிக்கல் செக்கப் வந்தது. சுரங்கத்தில் வேலை செய்கிறவர்களுக்கு அவ்வப்போது நடப்பதுதான். அந்தத் தடவை இன்னொரு முறை வரச்சொல்லியிருந்தார்கள் என்று அம்மாவும் கூடப் போனாள். திரும்பி வந்ததும் அப்பா நெஞ்சைத் தட்டிக் காட்டி, "கல்லு மாதிரி இருக்கறேன்னு சொல்லிட்டாங்க பாப்பா, தொரை மேல சத்தியமா" என்றார். அம்மா நேராக உள்ளே போனாள். கட்டியிருந்த நல்ல புடவையைக்கூட மாற்றாமல் அடுப்படியில் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தாள். அடுப்பும் பற்றவைக்கவில்லை. இந்தப் புழுக்கத்தில் சும்மா அங்கே எதற்கு நிற்கிறாள் என்று நினைத்தேன்.

துரைக்கு உடம்பு சரியில்லை என்பதைக் கண்டுபிடித்தது நான். அப்போது ஆறாம் வகுப்பு. எதையும் நான்தான் முதலில் கண்டுபிடித்தேன் என்று சொல்லிக்கொள்கிற வயது. சோற்றை முகர்ந்துவிட்டுப் போனது. ஸ்கூட்டர் சத்தத்துக்கும் எழுந்திருக்கவில்லை. கிணற்றடி மாதிரி எப்போதும் ஈரமாக இருக்கிற பின்பக்கக் குழாயடியில் போய்ப் படுத்துக்கொண்டு மஞ்சளாக வாந்தி எடுத்தது. கண்ணைப் பிரித்துப் பார்த்தால் வெள்ளை இருக்க வேண்டிய இடமும் மஞ்சள். எனக்குத் துரை என்றால் உயிர். அந்த வீட்டில் நான் பேசுவதை எதிர்த்துப் பேசாமல் கடைசி வரை கேட்கிற ஒரே ஜீவன் அதுதான். அது செத்துப்போய்விடும் என்று அழுது எங்கள் வரிசை முழுவதையும் கூட்டிவிட்டேன்.

ஆட்டோ பிடித்து கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனோம். துரை சீட்டில் நீட்டிப் படுத்துக்கொண்டது. மிச்ச இடத்தில் நாங்கள் மூன்று பேரும் ஒண்டிக்கொண்டோம். அங்கே எங்களுக்கு முன்னால் ஓர் எருமை காத்திருந்தது. அதற்கு ஊசி போட்டு அனுப்பிவிட்டு டாக்டரம்மா துரையின் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். விலா எலும்புக்குக் கீழே அழுத்திப் பார்த்தார். துரை முனகியது.

"என்ன சாப்பாடு போடறீங்க?"

"நாங்க துன்றதுதாங்க. சோறு, மோரு. ஞாயித்துக்கெழமன்னா எலும்பு" என்றாள் அம்மா.

"இது வீட்டுச் சோறு மட்டும் சாப்பிட்ட வயிறு இல்லையேம்மா. பொரிச்சது, வறுத்தது, கொழுப்பு எல்லாம் போயிருக்கு. வெளில யாரோ நல்லா கவனிச்சிருக்காங்க."

அப்பா சுவரில் ஒட்டியிருந்த கோமாரி நோய் விளம்பரத்தை ஒரு எழுத்து விடாமல் படித்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் மாடு கிடையாது.

"ஈரல் வீங்கியிருக்கு. இப்பவே வாயக் கட்டினா பொழச்சுக்கும். இப்படியே விட்டா ரொம்ப நாள் தாங்காது" என்றார் டாக்டரம்மா. நான் ஓவென்று அழுத சத்தத்தில், வாசல் தாண்டிப் போய்க்கொண்டிருந்த எருமை நின்று திரும்பிப் பார்த்தது.

அம்மா அழவில்லை. துரையைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், மறுபடியும் துரையைப் பார்த்தாள். "வாயக் கட்டுனா முழுசா சரியாயிடுங்களா?" என்று கேட்டாள்.

"ஈரலுக்கு அந்தக் குணம் உண்டும்மா. நாம கெடுக்காம விட்டா அதுவே தேறிக்கும். நாமதான் விடணும்."

"இன்னொரு வாட்டி சொல்லுங்க டாக்டரம்மா" என்ற அம்மா, அப்பாவை விளம்பரத்திலிருந்து பிய்த்து இழுத்து வந்து பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். டாக்டரம்மா இன்னொரு தடவை சொன்னார். ஈரலுக்கு ஒரு சிரப் எழுதிக் கொடுத்தார். மனிதர்களுக்குக் கொடுக்கிற மருந்துதான், சாதாரண மெடிக்கல் ஷாப்பிலேயே கிடைக்கும் என்றார். எண்ணெய் கூடாது, உப்பு கூடாது, எலும்பு கூடாது. குழைந்த சோறு, பூசணி, முட்டையின் வெள்ளை. கொஞ்சங்கொஞ்சமாக, பல தடவையாக. காலையில் மெதுவாக நடக்க விட வேண்டும். அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். பள்ளிக்கூடத்தில் நான்கூட அப்படிப் பாடம் கேட்டதில்லை.

அன்று சாயங்காலமே எண்ணெய்த் தூக்கு பரணுக்குப் போயிற்று. எங்கள் பக்கத்தில் காமாலை கண்ட வீட்டில் எண்ணெய்ச் சட்டி ஏற்ற மாட்டார்கள். தாளிக்கிற வாசனை பட்டாலே நோயாளிக்கு ஆகாது என்பார்கள். அது மனிதர்களுக்கு உண்டான முறை. அம்மா அதை நாய்க்கும் நீட்டினாள்.

"நாய்க்குத்தான பத்தியம்? எனுக்கு ஒரு ஆம்லெட் போட்டா அதுக்கு இன்னா வந்துது?" என்று அப்பா தட்டைப் பார்த்தபடி கேட்டார். தட்டில் குழைந்த சோறும் அவித்த பூசணியும் இருந்தன.

"அது ஒங்க மூஞ்சயே பாத்துகினு ஒக்காந்துருக்கும். அத வச்சிகினு ஆம்லெட்டு ஒங்களுக்குத் தொண்டைல எறங்குமா?"

அப்பா துரையைப் பார்த்தார். துரை அப்பாவைப் பார்த்தது. அது அப்போது எதையும் தின்னும் நிலையில் இல்லை. ஆனால் பழைய கூட்டாளியைப் பார்க்கிற பார்வை மட்டும் மாறவில்லை. அப்பா பூசணியைப் பிசைந்து வாயில் போட்டுக்கொண்டார். அவர் மனசு அப்படித்தான். வாய் எவ்வளவு பேசினாலும், யார் முகமாவது வாடினால் ஆள் கரைந்துவிடுவார். அம்மாவுக்கு அது நன்றாகத் தெரியும்.

முட்டையில்தான் எனக்குப் பாதிப்பு. வெள்ளை துரைக்கு. அப்பா சாப்பிடுவதைப் பார்த்து அதற்கும் ஆசை வர வேண்டும் என்று அவர் தட்டிலும் வெள்ளை. மஞ்சள் கரு முழுக்க என் தலையில் விழுந்தது. வளர்கிற பிள்ளை, வீணாக்கக் கூடாது என்று அம்மா அவித்த கருவை உருண்டை உருண்டையாக என் தட்டில் வைப்பாள். இன்றைக்கும் முட்டையின் மஞ்சளைக் கண்டால் நான் அந்த இடத்திலிருந்து எழுந்து போய்விடுவேன்.

சிரப் ஊட்டுவது பெரும் கூத்து. துரை பல்லைக் கிட்டிக்கொள்ளும். அம்மாதான் யோசனை சொன்னாள். "அதுக்கு ஒங்க மேலதான் நம்பிக்க. நீங்க மொதல்ல ஒரு மூடி குடிச்சிக் காட்டுங்க, பாத்துட்டு அதுவும் குடிக்கும்."

"நாய் மருந்த நான் குடிக்கறதா?"

"மனுசங்க மருந்துதான். டாக்டரம்மா சொல்லும்போது ஒங்க காது எங்க இருந்துது?"

அப்பா குடித்தார். முகம் கோணிக்கொண்டு போயிற்று. அந்த முகத்தைப் பார்த்த பிறகு துரை வாயை இன்னும் இறுக்கிக்கொண்டது. "சிரிச்சிகினே குடிங்க, அது பயப்படுது பாருங்க" என்றாள் அம்மா. அப்பா இன்னொரு மூடியைச் சிரித்துக்கொண்டே குடித்தார். கடைசியில் ஊசியில்லாத சிரிஞ்சை வாங்கி, கன்னத்தின் ஓரமாக விட்டு மருந்தை உள்ளே தள்ள நான் கற்றுக்கொண்டேன். துரை முரண்டு பிடிக்காமல் விழுங்கியது. அதற்குப் பிறகும் அப்பா குடித்துக் காட்டுவதை அம்மா நிறுத்தவில்லை. பழக்கத்தை நடுவில் மாற்றினால் நாய்க்குச் சந்தேகம் வந்துவிடும் என்றாள். கீழாநெல்லியும் அப்படித்தான். தோட்டத்தில் பிடுங்கி அரைத்து மோரில் கலக்கி வைத்தாள். துரை முகர்ந்துவிட்டுத் தும்மியது. அரைத்தது வீணாகக் கூடாது என்று அந்த மோர் தினமும் அப்பாவிடம் போயிற்று.

அடுத்த குவார்ட்டர்ஸ் அக்கா திருநெல்வேலிப் பக்கம். எங்கள் வீட்டில் தாளிப்பு வாசனை நின்றுபோனதை முதலில் கவனித்தது அவர்தான். ஒருநாள் இரண்டு இளநீரோடு வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு அம்மாவிடம் கேட்டார். "அண்ணாச்சிக்கு இப்பம் எப்படி இருக்கு? வாசம் இங்கிட்டு வந்துரக் கூடாதுன்னு நானும் வடைச்சட்டிய எடுத்து வச்சிட்டேன். கவலப்படாதிய, சரியாயிரும்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "அப்பாவுக்கு இல்லக்கா, துரைக்கு" என்று சொல்லி, துரையின் கண்ணைப் பிரித்து ஆதாரமும் காட்டினேன். அக்கா துரையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், "அப்படியா" என்றார். இளநீரைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகவில்லை. வடைச்சட்டியையும் அவர் எடுக்கவில்லை. ஒரு நாய்க்காகப் பக்கத்து வீட்டுக்காரர்கூட வாயைக் கட்டுகிறாரே என்று எனக்கு மனிதகுலத்தின்மேல் மரியாதை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை குறிஞ்சிப்பாடியிலிருந்து மாமா வந்தார், அம்மாவின் தம்பி. கையில் கோழி. அம்மா அதைத் தோலுரித்து, மஞ்சள் மட்டும் போட்டு வேகவைத்துப் பரிமாறினாள். மாமா தட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "இன்னாக்கா இது? கோழி குளிச்சிட்டு வந்து ஒக்காந்துகினு இருக்குது" என்றார்.

"வூட்ல ஒருத்தருக்குப் பத்தியம்னா எல்லாருக்குந்தான்" என்றாள் அம்மா.

மாமா மேலே ஏதோ சொல்ல வாயெடுத்து, அம்மா முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அப்பா ரொம்ப அக்கறையாகக் கோழியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். மாமா தட்டைக் காலி செய்தார். அடுத்த தடவை வரும்போது கையில் கோழி இல்லை, பெரிய பூசணிக்காய் ஒன்று இருந்தது.

இத்தனை பேர் இத்தனை பாடுபட்டதில் துரை தேறத்தான் செய்தது. கண்ணில் மஞ்சள் கொஞ்சங்கொஞ்சமாக வடிந்தது. தட்டில் வைத்தால் தின்றது. தட்டில் வைத்தால் மட்டுமே தின்றது என்பதையும் சொல்ல வேண்டும். நான் வேளாவேளைக்கு ஆறவைத்து, பிசைந்து, எவர்சில்வர் தட்டில் பரிமாறிப் பரிமாறி அது பேருக்கேற்ற துரையாகவே ஆகிவிட்டது. கீழே விழுந்த சோற்றைக்கூட நான் எடுத்துத் தட்டில் போட வேண்டும் என்று காத்திருக்கும். காலையில் அப்பாவும் அதுவும் பிளாக்கைச் சுற்றி நடந்துவிட்டு வருவார்கள். இரண்டு பேருக்குமே தொப்பை குறைந்திருந்தது. ஸ்கூட்டர் சாயங்காலங்களில் மாமரத்தடியிலேயே நின்றது. மந்தாரக்குப்பத்துச் சினேகிதரை நான் மறந்தே போயிருந்தேன்.

அப்பா மறக்கவில்லை. ஒருநாள் முதல் ஷிப்ட் முடிந்து வந்து படுத்து எழுந்தவர், "தொரைய ஒரு சுத்து நடத்திட்டு வரேன்" என்று சாயங்காலம் கிளம்பினார். காலையில்தான் நடந்தார்களே என்பதுபோல அம்மா பார்த்தாள். போனார்கள். நான் வாசற்படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன்.

வெகுநேரம் கழித்துத் துரை மட்டும் வந்தது. ஓடிவந்தது என்றே சொல்ல வேண்டும். அந்தக் கோடையில் அது ஓடி நான் பார்க்கவில்லை. வாயில் எண்ணெய் ஊறிய பேப்பர் பொட்டலம். நேராக என் முன்னால் வந்து பொட்டலத்தைக் கீழே வைத்தது. வைத்துவிட்டு உட்கார்ந்து, என்னையும் உள்ளே தட்டு இருக்கிற இடத்தையும் மாறிமாறிப் பார்த்தது. கட்டிய நூல்கூட அவிழவில்லை. பிரித்துப் பார்த்தேன். ஈரல் வறுவல்.

பின்னாலேயே தெரு முனையில் அப்பா தெரிந்தார். அந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு, சட்டையெல்லாம் நனைய, கையில் வெறும் சங்கிலியோடு ஓடிவந்தார். அடுத்த குவார்ட்டர்ஸ் அக்கா உட்பட வரிசையே வாசலுக்கு வந்து நின்று வேடிக்கை பார்த்தது. கிட்டே வந்ததும் அந்தப் பழைய வாசனை வந்தது. மிளகு வாசனையும், அதோடு எப்போதும் கூட வருகிற இன்னொரு வாசனையும்.

அம்மா நிலைப்படியில் நின்று பொட்டலத்தைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். அப்படியே அடுப்படிக்குப் போய்த் தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். அம்மா அழுது நான் பார்த்ததில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "அது ஒரு துண்டுகூடத் துன்னலம்மா, நூலுகூட அவுக்கல, தொரைக்கு ஒண்ணும் ஆவாது, அழாதம்மா" என்று சொல்லிப் பார்த்தேன். அம்மா இன்னும் அதிகமாக அழுதாள். துரையை இழுத்துவந்து அவள் மடியில் தலையை வைக்கச் சொன்னேன். அதற்கும் அழுதாள்.

எனக்கு வந்ததே ஆத்திரம். கூடத்தில் மூச்சு வாங்க நின்றிருந்த அப்பாவின் முன்னால் போய் நின்றேன். "டாக்டரம்மா எவ்வளவு சொன்னாங்க? இன்னொரு வாட்டி அங்க போனா செத்துப்பூடும்ப்பா. அம்மா எவ்ளோ கஷ்டப்பட்டு பாத்துக்கறாங்க, ஒங்களுக்குக் கொஞ்சங்கூட அக்கறையே இல்லியா? செத்துப்போனா நாங்க என்னா பண்ணுவோம்?" என்று கத்தினேன். நாய்க்காகத்தான் கத்தினேன். அப்பா சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார். அவ்வளவு பெரிய மனிதர் ஒரு ஆறாம் வகுப்புப் பிள்ளையின் பேச்சுக்கு அப்படித் தலையைத் தொங்கப் போட்டதை நான் எதிர்பார்க்கவில்லை. என் பேச்சுத் திறமை என்று எடுத்துக்கொண்டேன்.

"இனிமே போவல பாப்பா" என்றார். வழக்கம்போலக் கை தானாகத் துரையின் தலைக்குப் போயிற்று. "தொரை மேல சத்தியமா..."

அப்போதுதான் அம்மா எழுந்து வந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். என் தோளைப் பிடித்து அப்பாவின் முன்னால் உட்காரவைத்தாள். "அது தலையில வேணாம். இவ தலையில அடிச்சிச் சொல்லுங்க" என்றாள்.

அப்பாவின் கை நடுவில் நின்றுவிட்டது. மாரியாத்தாவின் மேலும் மிஷின் மேலும் ஸ்கூட்டர் மேலும் நொடியில் விழுகிற கை அது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், அது வரவேயில்லை. அம்மாவும் விடவில்லை. கடைசியில் கை என் உச்சந்தலையில் வந்து இறங்கியது. கனமாக இருந்தது.

"இனிமே தொடல" என்றார் அப்பா.

"நாய் துன்றதுக்கு எந்தலையா?" என்று நான் கேட்டேன்.

அன்றிலிருந்து எனக்கு வேலை இரட்டிப்பானது. முன்பு துரையின் உயிர் மட்டும்தான் என் பொறுப்பு. இப்போது என் உயிரும் சேர்ந்துகொண்டது. தலையில் அடித்துச் செய்த சத்தியம் தவறினால் அந்தத் தலைக்குத்தான் கேடு என்பது எங்கள் வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூடத்தில் லேசாகத் தலை வலித்தாலே அப்பா எங்கே போயிருக்கிறாரோ என்று கணக்குப் போடத் தொடங்குவேன். ஷிப்ட் முடிந்து வந்ததும் வாசலிலேயே நிறுத்தி இரண்டு கையையும் நீட்டச் சொல்வேன், வாயை ஊதச் சொல்வேன். முதலில் துரை முகரும், பிறகு நான். கிரீஸ் வாசனையைத் தவிர வேறொன்றும் வராது. நாளடைவில் நான் கேட்காமலே அப்பா கையை நீட்டிக்கொண்டு நிற்கப் பழகிவிட்டார்.

"அந்தச் சினேகிதரு கோச்சிக்க மாட்டாராப்பா?" என்று ஒருநாள் கேட்டேன். பாவம், அவர் தனியாக உட்கார்ந்திருப்பாரே என்றிருந்தது.

"கோச்சிக்குவாரு. நெதமும் சாயங்காலமானா கூப்புடறாரு" என்றார் அப்பா. சாயங்காலத்தில் வீட்டு டெலிபோன் அடித்ததே இல்லை. எப்படிக் கூப்பிடுகிறார் என்று எனக்குப் புரியவில்லை.

கோடை லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த கொஞ்ச நாளில் டாக்டரம்மா துரையைப் பார்த்துவிட்டு, "நல்லா தேறிட்டான், இனிமே வீட்டுச் சோறு கொஞ்சங்கொஞ்சமாப் போடுங்க" என்று சொல்லிவிட்டார். எனக்கு நிம்மதியில் கால் தரையில் நிற்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் பரணைப் பார்த்தேன். எண்ணெய்த் தூக்கு இறங்கவில்லை. அன்றைக்கும் பூசணி, மறுநாளும் பூசணி. "தொரைக்குத்தான் சரியாயிடுச்சேம்மா" என்றால், "ஆவட்டும் இரு" என்பாள். துரை மோர்ச்சோறும் மீன்தலையும் தின்று கொழுக்க, நாங்கள் அதன் பத்தியத்தைத் தொடர்ந்து தின்றோம். அம்மாவுக்கு மறதி வந்துவிட்டது என்றே முடிவு செய்தேன்.

மழை பிடித்துக்கொண்ட சமயத்தில் ஒருநாள் அப்பாவும் அம்மாவும் நல்ல துணி உடுத்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஏதோ செக்கப் என்றார்கள். மதியம் திரும்பி வந்தார்கள். அம்மா புடவையைக்கூட மாற்றவில்லை. நேராக அடுப்படிக்குப் போய், ஸ்டூலைப் போட்டு ஏறி, பரணிலிருந்து தூக்கை இறக்கினாள். சட்டி காய்கிற வாசனை வந்தது. பிறகு கடுகு வெடித்தது. துரை இரண்டு காதையும் தூக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தது. அப்பா கூடத்தில் உட்கார்ந்தபடி அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கண் ஏன் கலங்கியிருந்தது என்று கேட்டதற்கு, மிளகாய் நெடி என்றார். அம்மா மிளகாயை அப்போதுதான் எடுத்துக்கொண்டிருந்தாள்.

முதல் அப்பளம் பொரிந்து வந்தது. பத்தியம் இருந்தது துரை, அதனால் முதல் அப்பளம் அதற்குத்தான் என்று நான் தட்டை நீட்டினேன். அம்மா என்னைத் தாண்டிப் போய் அதை அப்பாவின் தட்டில் வைத்தாள். கொஞ்சங்கூட நியாயம் இல்லாத வீடு என்று எனக்குக் கோபம் வந்தது. "அப்ப, எந்தலைமேல இருக்கற சத்தியத்தயாவது எறக்குங்க. தொரைக்குத்தான் நல்லாயிடுச்சே" என்றேன்.

"அது அங்கியே இருக்கட்டும்" என்றாள் அம்மா.

அப்பா அப்பளத்தில் ஒரு விள்ளல் ஒடித்துத் துரைக்கு நீட்டினார். என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "ஆமா, அங்கியே இருக்கட்டும்" என்றார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள். துரை வாலை ஆட்டியது. ஒரு நாயின் ஈரலுக்காகப் பெற்ற பெண்ணின் தலையைப் பணயம் வைத்துவிட்டு, நாய் பிழைத்த பிறகும் திருப்பித் தர மாட்டேன் என்கிற இவர்களோடு இனிப் பேச்சே கிடையாது என்று, நான் அன்று முழுக்க யாரோடும் பேசவில்லை.